திரும்பி வந்த ஒரு பிடி மண்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த என் தெரேஸ் அக்காவுக்கு, உன் ரோசலி புதுச்சேரியிலிருந்து எழுதிக்கொள்வது.

முதலில் பிள்ளைகள் சேதி. நாற்பது வருஷமாக நாம் எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். நீ போய் மூன்று வருஷம் ஆனதற்காக அந்த வழக்கத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

என் மகள் லில்லியின் பெரியவன் டேவிட், இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மெஷின் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சேர்ந்தான் என்று முன்பே எழுதியிருந்தேன். இப்போது சரக்கைச் சோதித்துப் பார்க்கிற பிரிவுக்கே அவன்தான் பெரியவன். அவன் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கம்பெனி வாசலைத் தாண்டும். நடுவில் உள்ளவள் ஜெனி, பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு படி ஏறிவிட்டாள். இங்கே என் வீட்டில் பிரெஞ்சு எழுதவும் படிக்கவும் தெரிந்த முதல் ஆள் அவள்தான். சின்னவன் ஆரோன் கேரம் விளையாட்டில் மாநில அளவில் கோப்பை வாங்கினான். அந்தக் கோப்பை அவன் முழங்கால் உயரம். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் டிவியை மறைக்கிறது, அதனால் டிவியை நகர்த்திவிட்டோம்.

என் பிள்ளை மிக்கேல் சாமிக்குத் தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு பங்குக் கோவிலைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வயதில் மற்றவர்கள் எல்லாம் இன்னும் துணைச் சாமியாராகத்தான் இருக்கிறார்கள். உன் பேத்தி கிளாரா பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் மிக நல்ல தேர்ச்சி என்று போன மாதம் உன் மகள் மோனிக் போன் போட்டுச் சொன்னாள். அந்த மூளை உன்னுடையது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "சரிடி, அப்பால? நீ எப்பிடி இருக்கே?" என்பாய்.

நான் நன்றாக இல்லை அக்கா. கோபமாக இருக்கிறேன். யார்மேல் என்று தெரியாமல் பார்க்கிறவர்கள் மேலெல்லாம் விழுந்துகொண்டிருக்கிறேன். நேற்று பால்காரரிடம்கூட சண்டை போட்டேன். பாவம், அவர் பாலில் ஒரு குறையும் இல்லை.

நான் பிரெஞ்சு தேசத்துக்கு, உன் ஊருக்கு வந்தேன். உனக்குத் தெரியுமா? பன்னிரண்டு நாள் இருந்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பினேன்.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். அஞ்சாவது படித்தவள் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

அங்கே இருக்கிற நம் தமிழ் ஜனங்கள் மூன்று நாள் தியானப் பிரசங்கம் நடத்த மிக்கேல் சாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள் சாமி, சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரியும் இருக்கும், நாலு இடம் சுற்றிக் காட்டின மாதிரியும் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். லில்லி எனக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கினாள். நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். உன் கல்லறையில் ஒரு பிடி மண் போட வேண்டும்.

உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. விசாவுக்குக் காகிதம் சேர்ப்பதற்குள் உன்னைப் புதைத்துவிட்டார்கள். மோனிக் போனில் காட்டினாள். பெட்டியை இறக்குகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பாதிரியாருடைய கை மட்டும் அந்தரத்தில் நின்றது. மறுபடி படம் ஓடினபோது எல்லாரும் கார் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவள் போடவேண்டிய பிடி மண்ணை நான் போடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். அம்மா செத்தபோது, உன் வீட்டு மாமாவுக்கு ஆபரேஷன் என்று உன்னால் வர முடியவில்லை. அன்று சாயங்காலம் போன் போட்டு, "எம்பேருக்கும் சேத்து ரெண்டு பிடி போட்டியாடி?" என்று கேட்டாய். போட்டேன் அக்கா என்றேன். நான் போடவில்லை. ஒரு பிடிதான் போட்டேன். உன் பேருக்கு ஒன்று போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ "நல்லது" என்று சொல்லி அழுதாய். அந்த அழுகை பதினெட்டு வருஷமாக என் காதில் இருக்கிறது.

அதனால்தான் புறப்படுவதற்கு முதல் நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அம்மா குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தேன். காலி பவுடர் டப்பாவில் போட்டு மூடி, கைக்குட்டையில் முடிந்து, பெட்டியில் ஸ்வெட்டருக்கு நடுவில் வைத்தேன். சாமியிடம் சொல்லவில்லை. மண் எல்லாம் கொண்டு போகக் கூடாது என்பார். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணக்கூடிய சாமி பக்கத்து சீட்டிலேயே தூங்கிக்கொண்டு வந்தார்.

போய் இறங்கின மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கேட்டேன்.

"சாமி, பெரியம்மா கல்லறைக்கு எப்போ போறோம்?"

"போலாம்மா. தியானம் முடியட்டும்."

நியாயம்தான். மூன்று நாள் தியானம். கோவில் ஹால் நிறைந்த கூட்டம். நம் பிள்ளை பேசப் பேச ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் எனக்கு நாற்காலி. நான் பெருமைப்படவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நாலாம் நாள் மறுபடி கேட்டேன்.

"லூர்துக்கு டிக்கெட் போட்டுட்டாங்கம்மா. வந்து போலாம்."

லூர்துக்குப் போனோம். குகைக் கெபியில் மாதா முன்னால் முட்டி போட்டேன். எவ்வளவோ கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனவள், ஞாயிற்றுக்கிழமை மோனிக்குடைய கார் கிடைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஏனென்றால் நீ இருக்கிற இடம் மோனிக் வீட்டிலிருந்து தூரம். இரண்டு ரயில், ஒரு பஸ் மாற வேண்டுமாம். மோனிக் வயசானவர்கள் விடுதியில் வேலை பார்க்கிறாள், ஒரு நாள் காலை, ஒரு நாள் மதியம் என்று மாறி மாறிப் போகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னேன், மனசுக்குள். பெற்றவள் கல்லறைக்கு சின்னம்மாவைக் கூட்டிப்போக ஒரு லீவு போடக் கூடாதா என்று.

அப்புறம் வீடு வீடாகப் போனோம். சாமி வந்திருக்கிறார் என்றால் சும்மா விடுவார்களா. வீட்டை மந்திரிக்க வேண்டும், புதுக் காரை மந்திரிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். ஏழு வீட்டில் ஏழு பிரியாணி. உழவர்கரையில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களை அங்கே போய்ப் பார்க்கிறேன். எல்லா வீட்டுக் கூடத்திலும் நல்ல நாற்காலி எனக்கு. எல்லா வீட்டிலும் பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். எல்லா வீட்டிலும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அந்த இரும்புக் கோபுரம். கீழே நின்று பார்த்தாலே தெரிகிறதை, மேலே ஏறிப் பார்க்க இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். என் முழங்கால் உனக்குத் தெரியும். மேலே போனதும் மோனிக் என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள்.

"சின்னம்மா, அந்தாண்ட பாருங்க. பொகை மாதிரி தெரியுதே, அதுக்கும் அப்பால. அங்கதான் அம்மா இருக்காங்க."

சாம்பல் நிறத்தில் கூரை, கூரை, கூரை. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் நின்று ஏறி, உன்னை இத்தனை தூரத்திலிருந்து பார்க்கவா வந்தேன்? அதே இரண்டு மணி நேரத்தில் உன்னிடமே வந்து சேர்ந்திருக்கலாமே. அன்றைக்கு சாமியிடம் கொஞ்சம் அழுத்தியே கேட்டேன்.

"சாமி, நாள் போவுது. பெரியம்மாவ பாக்கணும்."

"ஆத்துமாவுக்குத்தாம்மா செபம். கல்லு எங்கயும் ஓடிப்போவாது. பெரியம்மாவுக்குன்னு தெனம் பூசை வெக்கிறேன்ல?"

சாமி சொன்னால் அதற்குமேல் நான் என்ன பேசுவது? அவர் குருப்பட்டம் வாங்கின அன்று, எண்ணெய் பூசின அந்த உள்ளங்கைகளை முத்தமிட்டேன். அன்றிலிருந்து பதினாலு வருஷமாக என் பிள்ளையை நான் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுகிறேன். சாமியாரைப் பெற்ற எல்லா அம்மாக்களும் அப்படித்தான். நீதான் போனில் சிரித்தாய். "பெத்த புள்ளைய வாங்க போங்கன்னா, அப்பால எப்பிடிடி அதட்டுவே?" என்றாய். நம் சாமியை அதட்ட வேண்டிய அவசியம் வராது அக்கா என்று அன்றைக்குப் பெரிதாகப் பதில் சொன்னேன்.

கடைசி நாள் ஞாயிறு. மாதா கார் கொடுத்துவிட்டாள். காலையில் பூசை, அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு, மூன்று மணிக்கு மூன்று பேரும் உன்னிடம் புறப்படுவது என்று ஏற்பாடு. மறுநாள் விடியற்காலையில் விமானம். டப்பாவைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு ஹாலில் மதாம் லூசியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நம்மைவிடப் பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டு மருமகள், அந்த ஊருக்குப் போய் ஐம்பது வருஷம் ஆனவர். பட்டாளத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன உனக்கு அவரைத் தெரிந்திருக்கலாம்.

"சாமியோட அம்மாவா நீங்க? இந்தப் பக்கம் நல்லா சாஞ்சு ஒக்காருங்க. இன்னா ஒரு கொரலு சாமிக்கு. பேரப்பசங்க இருக்காங்களா?"

அவ்வளவுதான். டேவிட் கையெழுத்தில் ஆரம்பித்தேன். லாரி வாசலைத் தாண்டுகிற கதை, ஜெனி பிரெஞ்சு படிக்கிற கதை. மதாமுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இங்க பொறந்ததுங்களுக்குத் தமிழ் வர மாட்டேங்குது, அங்க பொறந்தது பிரெஞ்சு படிக்குதா" என்று பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டார். நாலு பேர் எட்டுப் பேர் ஆனார்கள். போனில் கோப்பைப் படத்தைக் காட்டினேன். போன் மேசையைச் சுற்றிப் போய் வந்தது.

மோனிக் வந்து தோளைத் தொட்டாள்.

"சின்னம்மா, கெளம்பலாமா?"

"தோ வரேம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். கையில் கார் சாவி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் உச்சியை விட்டு இன்னும் சரியாக இறங்கவில்லை. நம் ஊர்க் கணக்குக்கு மூன்று மணிகூட இருக்காது.

"இன்னாம்மா அவசரம்? வெயிலப் பாரு, எப்பிடி நிக்குது."

"இல்ல சின்னம்மா, இங்க வெயிலு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மதாம், "இரும்மா, கேரம் கதைய முடிக்கட்டும்" என்றார். மோனிக் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அங்கே வளர்ந்த பிள்ளை, பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வராது. நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்திருக்கும்.

சாமி வெளியே ஒவ்வொரு குடும்பத்தோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வந்தால் கிளம்பலாம் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா பேசி முடிக்கட்டும் என்று அவர் நின்றுகொண்டிருந்தாராம். காரில் ஏறினபோது மணி ஐந்தேகால் என்றார்கள். நான் நம்பவில்லை. ஐந்தேகாலுக்கு இப்படியா வெயில் அடிக்கும்?

அந்த ஊரில் ஜூன் மாதம் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குமாம் அக்கா. நீ எனக்கு எத்தனை கடிதம் எழுதினாய். பனியைப் பற்றி எழுதினாய், ரொட்டியைப் பற்றி எழுதினாய். இதை ஒரு தரம் எழுதியிருக்கக் கூடாதா?

பாதி வழியில் ஒரு சிக்னலில் மோனிக் மெதுவாகச் சொன்னாள்.

"ஆறு மணிக்கு மூடிடுவாங்க."

"எத மூடுவாங்க?"

"கல்லறத் தோட்டத்த."

"பட்டப்பகல்ல யாரும்மா மூடுவாங்க?"

பாலத்தின் மேல் கார்கள் நகராமல் நின்றன. நான் டப்பாவை மடியில் வைத்து ஜெபமாலை உருட்டினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு அடித்துப் பத்து நிமிஷம்.

பச்சை இரும்புக் கேட். பூட்டு. எதிரே பூக்கடைகூடத் திறந்திருந்தது, சாமந்தித் தொட்டிகள் வெயிலில் இருந்தன. என் முகத்தில் வெயில் அடித்தது. கம்பி வழியாக உள்ளே பார்த்தால் கல் பாவின நடை, ஒரு குழாய், குழாய் மேலே வரிசையாக மாட்டி வைத்த பூவாளிகள். கை விட்டால் முதல் பூவாளியைத் தொட்டுவிடலாம் போல இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது.

"மூணாவது வரிசை சின்னம்மா. அந்த மரத்துக்குப் பின்னாடி" என்று மோனிக் கையை நீட்டிக் காட்டினாள். மரம் தெரிந்தது. நீ தெரியவில்லை.

மோனிக் மணியை அடித்தாள். யாரும் வரவில்லை. சாமி கேட்டை ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து சொன்னார்.

"அம்மா, இங்கருந்தே செபம் பண்ணிடலாம். ஆண்டவருக்குக் கேட்டெல்லாம் கெடையாது."

என்ன வந்ததோ எனக்குத் தெரியாது.

"டேய் மிக்கேலு" என்றேன். "ஆண்டவருக்குக் கேட்டு இல்லடா. எனக்கு இருக்குது. பன்னெண்டு நாளா சாமி, சாமின்னு ஒங்கிட்ட கெஞ்சறேன். ஒரு நாளாவது, கேக்கறது நம்ம அம்மாதானேன்னு நெனச்சியாடா?"

பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். மோனிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாலு வருஷத்து மரியாதை அந்தத் தெருவில் கிடந்தது.

அவன் வெள்ளை அங்கியோடு நடைபாதைக் கல்லில் குந்தி உட்கார்ந்தான். சின்ன வயசில் அடி வாங்கினால் வாசல்படியில் அப்படித்தான் உட்காருவான், ஊருக்கு வந்தபோது நீ பார்த்திருக்கிறாய். அங்கிருந்தே சொன்னான்.

"மொத நாளே இப்பிடித் திட்டியிருந்தா வந்திருப்பேம்மா. நீதான் வாங்க போங்கன்னு என்னைய தள்ளி வெச்சிட்டே. நீ கேக்கறது எனக்கு யாரோ பங்குக்காரங்க கேக்கற மாதிரியே இருந்துது."

அப்புறம் நிமிர்ந்து, "டிக்கெட்ட மாத்தட்டுமா? காலைல எட்டு மணிக்குத் தொறப்பாங்களாம். ரெண்டு நாள் தள்ளிப் போலாம்" என்றான்.

இதுதான் அக்கா, நான் உன்னிடம் சொல்ல வந்தது. மேலே எழுதினது எல்லாம் இதைச் சொல்லாமல் தள்ளிப்போட எழுதினது. கோபுரத்தின் மேல் கோபம், பிரியாணி மேல் கோபம், மோனிக் வேலை மேல் கோபம். ஆனால் அந்த ஒரு நிமிஷம் எல்லாம் என் கையில் இருந்தது. மாத்துடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

புதன்கிழமை அவன் பங்குக்கு ஆயர் வருவதாக இருந்தது, பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு. அது ஞாபகம் வந்தது. வந்ததும் என் வாய் தானாகப் பேசியது.

"வேணாம் சாமி. ஆயர் வர்ற அன்னிக்கு பங்குச்சாமி இல்லன்னா ஜனங்க இன்னா பேசுவாங்க."

சாமி என்றுதான் சொன்னேன். பிள்ளை ஒரு நிமிஷம் திரும்பி வந்தான், நானே அவனை மறுபடி சாமியாக்கி அனுப்பிவிட்டேன். ஜனங்கள் பேசுவார்களாம். மத்தியானம் முழுக்க ஜனங்களிடம் பெருமை பேசினேன், சாயங்காலம் ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். நடுவில் நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய்.

கேட்டுக்கு முன்னாலேயே மிக்கேல் அடக்கத்துச் செபம் முழுவதையும் தமிழில் சொன்னான். உன் அடக்கத்தில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை என்று மோனிக் சொல்லியிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் செபத்துக்குப் பதில் சொன்னேன். உனக்குக் கேட்டதா?

டப்பாவைக் கையில் வைத்திருந்ததை மோனிக் அப்போதுதான் பார்த்தாள். விஷயம் கேட்டதும், "எங்கிட்ட குடுங்க சின்னம்மா, செவ்வாக்கெழம எனக்கு லீவு. நான் போட்டுடறேன்" என்றாள்.

"ஒன் மண்ண நீ அன்னிக்கே போட்டுட்டேம்மா. இது என் கை போடவேண்டியது."

கம்பி வழியாக உள்ளே கொட்டிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. பூவாளிக்குக் கீழே கொட்டி என்ன பிரயோசனம்? பொய் சொல்லிச் சமாளித்தது ஒரு தரம் போதும். கைக்குட்டையை மறுபடி இறுக்கி முடிந்தேன். அம்மா மண் உன் ஊரைப் பார்த்துவிட்டு என்னோடு திரும்பி வந்துவிட்டது.

வந்து ஆறு வாரம் ஆகிறது. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, உன் போட்டோவுக்குப் பக்கத்தில் டப்பா இருக்கிறது. மாடித் தொட்டியில் தக்காளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, நீ கடைசியாக அனுப்பின அந்தப் போட்டோ. மண்ணை அம்மா குழியிலேயே போட்டுவிடலாமே என்று லில்லி சொல்கிறாள். அவள் சொல்வது சுலபம்.

கோவிலுக்குப் போனால் பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "கொடுத்து வெச்சவங்க நீங்க. புள்ளையோட போயி லூர்து பாத்தீங்க, கோபுரம் பாத்தீங்க" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். கோபுரத்து மேல் எடுத்த போட்டோவை லில்லி பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறேன். ஆயாவுக்குக் கேமராவைப் பார்க்கக்கூடத் தெரியவில்லை என்று ஆரோன் கேலி பண்ணுகிறான். மோனிக் காட்டின திசையை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சேதி மட்டும் நல்லது. போன வாரம் மிக்கேல் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "ஒக்காருடா, மீன் கொழம்பு ஆறிடப் போவுது" என்றேன். லில்லி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவன் தலை நிமிராமல் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவும்போது, "அடுத்த தடவ தியானம் கெடையாதும்மா. நீயும் நானும்தான்" என்றான். பார்ப்போம். அவன் சொன்னதை நம்பி நான் இருக்கப்போவதில்லை. விசா காகிதங்களை இப்போதே ஜெனியிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, அடுத்த தரம் யார் வீட்டிலும் சாப்பிட மாட்டேன். பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், நல்லா இருக்காங்க என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். நீ சிரிப்பது தெரிகிறது. நாலு வார்த்தை என்று வைத்துக்கொள். எட்டு மணிக்குத் திறக்கிற கேட்டில் ஏழரைக்கு வந்து நிற்பேன். என் முழங்கால் தாங்காவிட்டால் பூக்கடைக்காரியிடம் ஒரு ஸ்டூல் கேட்பேன், அவளுக்கு என்னை ஞாபகம் இருக்கும். உன் கல்லில் இரண்டு பிடியாகப் பிரித்துப் போடுவேன். ஒன்று நான் உனக்குப் போடாதது. இன்னொன்று உன் பேருக்கு அம்மாவுக்குப் போட்டேன் என்று நான் பொய் சொன்னது.

கடிதத்தின் கடைசி வரி உனக்குத் தெரியும். புதிதாக எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு என்று எழுதி முடிப்போம், இரண்டு பேரும். இந்தத் தரம் அதை உன்னிடம் கேட்க முடியாது. இந்தக் கடிதத்தை மிக்கேல் பங்கின் மாத மலரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அது அங்கே உள்ளவர்கள் போனுக்கும் போகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது மோனிக்குக்குப் படித்துக் காட்டட்டும். மோனிக், ஒரு செவ்வாய்க்கிழமை போய் உன் அம்மா கல்லறையைப் புதிதாக ஒரு போட்டோ எடு. போனில் அனுப்பாதே, கழுவித் தபாலில் அனுப்பு, நான் மாட்ட வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறதே, எந்த மாதம் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று, அதையும் எழுத்துத் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துச் சேர்த்து அனுப்பு. இங்கே ஜெனி படித்துச் சொல்வாள்.

அம்மா வயிற்றில் உனக்கு அடுத்துப் பிறந்த தங்கை,
ரோசலி